எண்பது கிலோமீட்டர், மூன்று மணி நேரம்

தாலினுக்கும் ஹெல்சிங்கிக்கும் நடுவே கிடக்கும் கடல் எண்பது கிலோமீட்டர் அகலம். காற்று குறும்பு செய்யாமல் இருந்தால் விமானம் ஏறி, பறந்து, இறங்கி நிற்பதற்கு அரை மணி நேரம் போதும். பணிப்பெண் ஆளுக்கொரு மிட்டாய் கொடுப்பாள். சிலர் தாலினில் வாயில் போட்ட மிட்டாயை ஹெல்சிங்கியில் டாக்ஸிக்குக் கை காட்டும்போதுதான் கடித்து முடிப்பார்கள்.

கயகாஸ் விமான நிறுவனத்தின் கேப்டன் வெல்லோ இந்த வழியில் பல வருடங்களாக ஓட்டிக்கொண்டிருந்தார். அதற்கு முன்னால் உருளைக்கிழங்கு வயல்களுக்கு மருந்தடிக்கும் விமானம் ஓட்டியவர். கனத்த உடம்பு, குறைந்த பேச்சு. உலகத்தைப் பற்றி அவருக்கு இருந்த கருத்துகள் வெகு சில. போக வேண்டிய இடத்துக்குச் சீக்கிரம் போய்ச் சேர்வது நல்லது என்பது அவற்றில் ஒன்று. அந்தக் கருத்துதான் அவரை வம்பில் மாட்டிவிட்டது.

அவர் மனைவி மைரே அதே கடலில் ஓடும் பயணிகள் கப்பலில் சமையல்கூடத் தலைவி. கப்பல் அக்கரை சேர இரண்டு மணி நேரம். "நான் தண்ணியில, நீ காத்துல. அதனாலதான் முப்பது வருஷமா நமக்குள்ள சண்டை வரலை" என்பாள். சண்டை வராமல் இல்லை. வாரக் கடைசிக்கு ஒத்திவைக்கப்பட்டது, அவ்வளவுதான்.

ஒரு குளிர்காலம் பனிமூட்டமும் பனிப்பொழிவுமாகப் போனது. வசந்தத்தில் பால்டிக் நேரந்தவறாமைக் கூட்டமைப்பு தன் வருடாந்தரப் பட்டியலை வெளியிட்டபோது கயகாஸ் கடைசி இடத்தில் இருந்தது. அதற்கு ஒரு படி மேலே இருந்த நிறுவனம் முந்தின வருடமே மூடப்பட்டுவிட்டது.

உடனே ஒரு புதிய இயக்குநர் வந்தார். பெயர் ரைவோ ஹல்லிக். ஒரு தயிர்க் கம்பெனியில் இருந்தவர். தயிர் கெட்டுப்போகும் தேதியைக் கொஞ்சம் தள்ளி அச்சடித்து அந்தக் கம்பெனியைத் தூக்கி நிறுத்தியவர் என்று சொன்னார்கள். மென்மையான மனிதர். யாரையும் கடிந்து பேசமாட்டார். மணிக்கட்டில் பெரிய கடிகாரம் ஒன்றைக் கட்டியிருப்பார். அதை ஒரு நாளைக்குப் பல தடவை அன்போடு பார்ப்பார்.

அவர் எல்லா ஊழியர்களையும் கூட்டி வைத்துப் பேசினார். "நண்பர்களே, நாம ஏன் லேட்டா வர்றோம்? மெதுவா பறக்கறதாலயா? இல்ல. அரை மணி நேரத்துல போயிடுவோம்னு நாமளே வாய் கொடுத்து மாட்டிக்கிறதால. விமானத்தை வேகமாக்கறது இன்ஜினியர் வேலை. நேரத்தை நீளமாக்கறதுதான் நிர்வாகம்."

அடுத்த வாரத்திலிருந்து தாலின்–ஹெல்சிங்கி பயண நேரம் ஒரு மணி என்று அறிவிக்கப்பட்டது.

வெல்லோ வழக்கம்போலப் பறந்தார், வழக்கம்போல இறங்கினார். மறுநாளே இயக்குநர் அறைக்கு அழைப்பு வந்தது.

"உக்காருங்க கேப்டன். காபி? நேத்து நீங்க அரை மணி நேரம் சீக்கிரம் வந்துட்டீங்க."

"ஆமா சார். நல்ல காத்து."

"உங்க மேல எனக்குக் கோபம் இல்ல. ஆனா கூட்டமைப்போட விதியை ஒரு தடவை சொல்லிடறேன். சொன்ன நேரத்துக்கு வர்றதுதான் நேரம் தவறாமை. சீக்கிரமா வர்றதும் தாமதம்தான். எதிர்ப்பக்கத் தாமதம்."

வெல்லோ காபியை ஒரு மடக்கு குடித்தார். "அப்போ மிச்ச நேரத்துக்கு நான் என்ன பண்ணட்டும்?"

"கடல் இவ்வளவு அழகா இருக்கே" என்றார் இயக்குநர்.

அன்றிலிருந்து வெல்லோ சுற்ற ஆரம்பித்தார். தாலினுக்கு எதிரே நைசார் என்றொரு காட்டுத் தீவு இருக்கிறது. அதற்கு மேலே நான்கு சுற்று, பிறகு அக்கரை. தவறாமல் குறித்த நேரத்துக்கு வந்தார்கள். கூட்டமைப்பின் பட்டியலில் கயகாஸ் ஏறியது. ஏறிய சந்தோஷத்தில் இயக்குநர் மறுபடியும் கூட்டம் போட்டார்.

"ஒரு மணி நேரத்துல நூறு சதவீதம் வாங்கியிருக்கோம். ரெண்டு மணி நேரம் கொடுத்தா எவ்வளவு வாங்குவோம்? கணக்குப் போட்டுப் பாருங்க."

யாரும் போட்டுப் பார்க்கவில்லை. பயண நேரம் இரண்டு மணியானது. கோடையில் மூன்று மணியானது.

எரிபொருள் செலவைப் பற்றி ஒருவர் மெல்லக் கேட்டார். "அது வேற இலாகா" என்றார் இயக்குநர். அந்த இலாகாவின் தலைவரும் அந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருந்தார். நேரந்தவறாமை வேறு இலாகா என்பதால் அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

மூன்று மணி நேரத்துக்கு ஒரு மிட்டாய் போதாது. பணிப்பெண் சிர்யே முதலில் கறுப்பு ரொட்டியும் கிலு என்ற சின்ன உப்பு மீனும் கொடுத்தாள். பிறகு சூப் வந்தது. பிறகு கம்பளிப் போர்வையும் கால் மரத்துப்போகாமலிருக்கச் செய்ய வேண்டிய பயிற்சிகளின் படமும் வந்தன. பயணிகளில் பெரும்பாலானவர்கள் வாராவாரம் ஹெல்சிங்கிக்கு வேலைக்குப் போகும் தச்சர்கள், நர்சுகள், பெயின்டர்கள். எஸ்தோனியர்கள் பத்துப் பேர் அரை மணிக்கு மேல் ஓரிடத்தில் சும்மா உட்கார்ந்திருந்தால் அங்கே ஒரு பாடகர் குழு தானாக முளைத்துவிடும். முளைத்தது. இடது பக்க ஜன்னலோரம் மேல்குரல்காரர்கள், வலது பக்கம் கீழ்க்குரல்காரர்கள் என்று இருக்கை பிரித்துக்கொண்டார்கள். இடம் மாறி உட்கார்ந்த ஒரு வியாபாரியைச் சிர்யே தோளில் தட்டி, "நீங்க எந்தக் குரல்?" என்று கேட்டாள். "எனக்குப் பாட வராதுங்க" என்றார் அவர். "அப்போ பின்வரிசைக்குப் போங்க. சூப் அங்கேயும் வரும்."

நைசார் தீவில் ஆடு வளர்க்கும் ஒருவர் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தார். பிறகு தன் கொட்டகைக் கூரையில் வெள்ளைச் சுண்ணாம்பால் ஆள் உயர எழுத்துகளில் "வீட்டுக்குப் போங்கடா" என்று எழுதிவைத்தார். வெல்லோவுக்கு மேலிருந்து அது தெளிவாகத் தெரிந்தது. அவருக்கும் அதே எண்ணம்தான்.

வீட்டில் மைரே விடவில்லை.

"இன்னிக்கு உன் விமானத்தைப் பார்த்தேன். மூணு தடவை."

"நான் கையசைச்சேனே."

"எந்தச் சுத்துல?" என்றாள் மைரே. "நாங்க கிளம்பறப்போ நீ தலைக்கு மேல போன. நடுக்கடல்ல எதிர்ல வந்த. ஹெல்சிங்கியில இறங்கி, சந்தையில ஏலக்காய் பன்னு வாங்கித் தின்னுட்டு, திரும்பக் கப்பலேறப் போறேன், அப்பவும் நீ மேல இருக்க. எங்க மாலுமிங்க உன்னை என்னன்னு கூப்பிடறாங்க தெரியுமா?"

"வேணாம், சொல்லாத."

"கடற்கொசு."

வெல்லோ காலுறையைக் கழற்றினார். அவமானம் என்று சொல்ல முடியாது. ஆனால் மருந்தடிக்கும் விமானம் ஓட்டிய நாட்களில்கூட யாரும் அவரைப் பூச்சி என்று சொன்னதில்லை.

எண்பது கிலோமீட்டருக்கு மூன்று மணி நேரமா என்று ஒரு பத்திரிகை நிருபர் கேட்டபோது இயக்குநர் கொஞ்சமும் தடுமாறவில்லை. அவர் அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தவர்போலப் பேசினார்.

"ரெண்டு ஊருக்கு நடுவுல இருக்கற இடம்தான் தூரம்ங்கறது ரொம்பப் பழைய பார்வை. இடம் யாருக்கு வேணும்? பயணி எவ்வளவு அனுபவிக்கிறாரோ அதுதான் தூரம். எங்க பயணிகள் ஒவ்வொருத்தரும் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல அனுபவிக்கிறாங்க. அதே டிக்கெட் விலையில! எந்தக் கப்பல் கம்பெனி இதைக் கொடுக்கும்?"

அடுத்த மாதம் விமானத்தில் வைக்கும் இதழின் வரைபடத்தில் ஹெல்சிங்கி வடக்கே வெகுதூரம் தள்ளிப் போயிருந்தது. ஸ்டாக்ஹோம் பக்கத்து ஊர்போல ஆகிவிட்டது. ஹெல்சிங்கியில் பிறந்து வளர்ந்த ஒரு பல் மருத்துவர் அந்தப் படத்தை விரித்து வைத்துக்கொண்டு, "எங்க வீடு இங்கயா இருக்கு?" என்று சிர்யேயிடம் கேட்டார். "நிறுவனத்தோட கணக்குப்படி அங்கதான் சார்" என்றாள் அவள். அவர் இன்னொரு போர்வை கேட்டு வாங்கிக்கொண்டார்.

இப்படியிருக்கும்போதுதான் வெல்லோவின் மகள் மெர்லேவுக்குக் கல்யாணம் முடிவானது. ஒரே மகள். ஹெல்சிங்கியில் கண் மருத்துவமனையில் வேலை. மாப்பிள்ளை யூசோ அந்த ஊர்க்காரன், பள்ளிக்கூட இசை ஆசிரியன். ஹெல்சிங்கி விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஒரு கல் தேவாலயத்தில், ஆகஸ்ட் மாதச் சனிக்கிழமை, மதியம் பன்னிரண்டு மணிக்குத் திருமணம். அன்று அந்தப் பாதிரியாருக்கு அடுத்தடுத்து இன்னும் இரண்டு கல்யாணங்கள் இருந்தன. தள்ளிவைக்க வழியில்லை.

மெர்லே போனில் சொன்னாள்: "அப்பா, எனக்கு வேற எதுவும் வேண்டாம். வாசல்லேர்ந்து பலிபீடம் வரைக்கும் நீ என் கூட நடக்கணும். அவ்வளவுதான். முப்பது அடி இருக்குமா? நீ ஓட்டற தூரத்துக்கு அது ஒண்ணுமே இல்ல."

"வந்துடுவேன் கண்ணு" என்றார் வெல்லோ.

விடுப்புக் கேட்கப் போனபோது இயக்குநர் எழுந்து வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். "மகளுக்குக் கல்யாணமா! ரொம்ப சந்தோஷம். எப்போ?"

சொன்னார். இயக்குநரின் கை குலுக்கலை நிறுத்திவிட்டது.

அந்தச் சனிக்கிழமைதான் கூட்டமைப்பின் தங்கக் கோப்பைக்கான கடைசி நாள். மூன்று மாதமாக ஒரு நிமிடம்கூடப் பிசகாத ஒரே நிறுவனம் கயகாஸ். கூட்டமைப்பின் தலைமை நடுவரான பெல்கோனென் அம்மாள் அன்றைக்கு நேரில் பயணம் செய்து பார்ப்பதாக இருந்தார். காலை பத்து மணி விமானம். இயக்குநரும் கூடவே வருகிறார்.

"வேற கேப்டனே இல்லையா சார்?"

"இருக்காங்க. ஆனா மூணு மணி நேரம் சுத்தினாலும் கோப்பையில காபி அலுங்காம சுத்தறது நீங்க மட்டும்தான். அது ஒரு கலை கேப்டன்."

"ஒரு மணிக்குத்தான் போய்ச் சேரும். கல்யாணம் பன்னிரண்டுக்கு."

"மூணு மணிக்கு மாத்தச் சொல்லுங்களேன்."

"பாதிரியாருக்கு வேற ரெண்டு கல்யாணம் இருக்கு."

"பாத்தீங்களா!" என்று இயக்குநர் வருத்தத்தோடு தலையசைத்தார். "ஒரு கல்யாணத்துக்கு மூணு மணி நேரம் ஒதுக்கியிருந்தா இந்தப் பிரச்சனையே வந்திருக்காது. அவங்களுக்குத் திட்டமிடத் தெரியலை."

வெல்லோ வீட்டுக்கு வந்து மைரேயிடம் சொன்னார். அவள் அன்றைக்குக் கிண்டல் செய்யவில்லை. அதுதான் அவரை அதிகம் வருத்தியது. "நான் காலைக் கப்பல்ல போறேன். உன் சூட்டை எடுத்துட்டுப் போறேன்" என்று மட்டும் சொன்னாள்.

"எதுக்கு? நான்தான் வரமுடியாதே."

"இருக்கட்டும். ஹேங்கர்ல மாட்டி உன் இடத்துல வைக்கறேன்."

சனிக்கிழமை காலை வானம் துடைத்துவிட்டதுபோல இருந்தது. பெல்கோனென் அம்மாள் முதல் வரிசையில் உட்கார்ந்தார். அறுபது வயது, நரைத்த குட்டை முடி, மடியில் ஒரு கைப்பை. ஃபின்லாந்துக்காரர்களுக்கு வழக்கமான முறையில், வணக்கம் சொன்னதோடு தன் பேச்சை முடித்துக்கொண்டார். பக்கத்தில் இயக்குநர். பின்னால் பாடகர் குழு புதிய பாட்டோடு தயாராக இருந்தது.

பத்து மணிக்குப் பிசகாமல் கிளம்பினார்கள். நைசாருக்கு மேலே முதல் சுற்றைத் தொடங்கியபோது ஹெல்சிங்கி கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஒரு பெண் பேசினாள்: "கேப்டன், இன்னிக்குக் கடல்ல பாய்மரப் படகுப் போட்டி. படம் பிடிக்கற ஹெலிகாப்டர்கள் நிறைய இருக்கு. சாயந்திரம் வரைக்கும் கடலுக்கு மேல யாரும் சுத்தக் கூடாது. நேரா வந்து இறங்கிடுங்க."

வெல்லோவும் துணை விமானி ஆந்த்ரெஸும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வெல்லோவின் நெஞ்சு படபடவென்று அடித்தது. கவலையில் அடிக்கவில்லை என்பது ஆந்த்ரெஸுக்கும் தெரிந்தது.

"சட்டப்படி இறங்கித்தானே ஆகணும்?" என்றார் வெல்லோ.

"கண்டிப்பா கேப்டன்."

பத்தரைக்கெல்லாம் விமானம் ஹெல்சிங்கியில் ஓர் ஓரமாகப் போய் நின்றது. பாடகர் குழுவின் முதல் பாட்டில் இன்னும் இரண்டு சரணம் பாக்கியிருந்தது. சிர்யே சூப் அடுப்பை அணைத்தாள். பயணிகள் மிரண்டுபோய் ஜன்னல் வழியே பார்த்தார்கள். ஒருவர், "ஏதாவது விபத்தா?" என்று கேட்டார்.

வெல்லோ விமானி அறையைவிட்டு வெளியே வந்தபோது இயக்குநர் வெளுத்துப்போய் எழுந்து நின்றிருந்தார். இரண்டரை மணி நேரம் சீக்கிரம். கூட்டமைப்பின் வரலாற்றிலேயே இவ்வளவு பெரிய எதிர்ப்பக்கத் தாமதம் நடந்ததில்லை. ஆனாலும் அவர் இயக்குநராக இருந்தது சும்மா இல்லை. ஒரு முறை கடிகாரத்தைப் பார்த்தார். முகத்தில் மெல்ல ரத்தம் திரும்பியது.

"பெல்கோனென் அம்மா, ஒரு சந்தேகம். கூட்டமைப்போட விதிப்படி, விமானம் எப்போ வந்து சேர்ந்ததா அர்த்தம்?"

"பயணிகள் கதவு திறக்கும்போது" என்றார் அம்மாள்.

"திறந்திருக்கா?"

அம்மாள் திரும்பி, வாலோரம் இருந்த கதவைப் பார்த்தார். "திறக்கலை."

"அப்போ நாம இன்னும் வந்து சேரலை!" இயக்குநர் பயணிகள் பக்கம் திரும்பி இரண்டு கைகளையும் விரித்தார். "நண்பர்களே, பயப்படாதீங்க. நம்ம பயணம் தொடருது. ஜன்னலுக்கு வெளிய தரை மாதிரி தெரியுதுன்னா அது பார்வைக்கு மட்டும்தான். சரியா ஒரு மணிக்கு நாம ஹெல்சிங்கிக்கு வந்துடுவோம். சிர்யே, சூப் கொடுங்க."

கீழே ஏணி கொண்டு வந்த ஊழியர் அண்ணாந்து பார்த்தார். சிர்யே ஜன்னல் வழியாக அவருக்கு வேண்டாம் என்று கையைக் காட்டினாள். அவர் தோளைக் குலுக்கிவிட்டு, ஏணிமேலேயே உட்கார்ந்து ரொட்டியைப் பிரித்தார்.

வெல்லோ நின்ற இடத்திலேயே நின்றார். ஜன்னலுக்கு வெளியே, மரங்களுக்கு மேலே, ஒரு தேவாலயத்தின் கூரை நுனி தெரிந்தது. நடந்தே போய்விடலாம்.

"சார், நான் மட்டும் இறங்கிக்கறேன். என் பொண்ணு..."

"கேப்டன், மனசு வலிக்குது. ஆனா நீங்க இறங்கினா கதவு திறக்கணும். கதவு திறந்தா நாம வந்துட்டோம். வந்துட்டா கோப்பை போயிடும்."

பயணிகள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெல்லோ பெரிய யோசனைக்காரர் அல்ல. ஆனால் மகள் தனியாக நடந்து போவதை நினைத்தபோது அவருக்குள் ஏதோ ஒன்று வேகமாக ஓடியது.

"சார், பெட்டிகளை இறக்கலாமா?"

அந்தச் சிறிய விமானத்தில் பெட்டி அறை, விமானி அறைக்கும் பயணிகள் பகுதிக்கும் நடுவில் இருந்தது. அதற்கு வெளிப்பக்கமாகத் தனிக் கதவு உண்டு.

"பெட்டிகளையா? தாராளமா இறக்குங்க" என்றார் இயக்குநர். "பெட்டி வந்தா விமானம் வந்ததா ஆகாது. நம்ம நிறுவனத்துல பெட்டியும் பயணியும் ஒரே நாள்ல வரணும்னு நாம எங்கயும் வாக்குக் கொடுத்ததில்லையே. இல்லையாம்மா?"

"விதியில பெட்டியைப் பத்தி எதுவும் இல்ல" என்றார் பெல்கோனென் அம்மாள்.

வெல்லோ சிர்யே பக்கம் கையை நீட்டினார். "பெட்டிச் சீட்டு ஒண்ணு கட்டு."

சிர்யேவுக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் ஓடிப்போய், பெட்டிகளில் கட்டும் நீளமான காகிதச் சீட்டு ஒன்றைக் கொண்டுவந்து அவர் மணிக்கட்டில் சுற்றி ஒட்டினாள். 'ஹெல்சிங்கி' என்று பெரிய எழுத்தில் இருந்தது.

இயக்குநர் அந்தச் சீட்டையும் கேப்டனையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. விதி இடம் கொடுத்தால் இரக்கப்படத் தெரிந்தவர்.

"என்ன எடை இருப்பீங்க?"

"நூத்திப் பத்து கிலோ சார்."

"ஒரு பெட்டிக்கு அவ்வளவு அனுமதி இல்லையே." கொஞ்சம் யோசித்தார். "பரவாயில்ல. விலக்கு தர்றேன். ஆனா கேப்டன் இல்லாம விமானம் எப்படிப் பறக்கும்?"

"ஆந்த்ரெஸ் இருக்காரே" என்றார் வெல்லோ.

நின்றுகொண்டிருக்கும் விமானத்தைப் பத்திரமாகப் பறக்க வைப்பதாக ஆந்த்ரெஸ் உள்ளேயிருந்து குரல் கொடுத்தான்.

பெட்டிக் கதவு திறந்தது. ஏணிமேல் உட்கார்ந்திருந்த ஊழியர் ரொட்டியை வாயில் கவ்விக்கொண்டு ஏணியை அங்கே தள்ளிவந்தார். மேலிருந்து சீருடையோடு ஒரு கேப்டன் இறங்கியதும் அவர் கேட்ட ஒரே கேள்வி: "இதை எங்க கொண்டு போகணும்?" மணிக்கட்டில் இருந்த சீட்டைப் படித்துவிட்டு, பெட்டி வண்டியில் ஏற்றி, பெட்டிக் கூடத்தில் கொண்டுபோய் விட்டார். அங்கிருந்து மற்றப் பெட்டிகளோடு வெளியே வர ஒரு மணி நேரம் பிடித்தது.

வருகைக் கூடத்தில் மைரே நின்றுகொண்டிருந்தாள். பச்சைப் பட்டுச் சட்டை, கையில் ஹேங்கரில் தொங்கும் சூட்டு. கப்பலிலிருந்து நேரே இங்கே வந்திருந்தாள். ஏன் வந்தாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது. பலகையில் தாலின் விமானத்துக்கு நேரே 'பறந்துகொண்டிருக்கிறது' என்று இருந்ததை அவள் எத்தனையாவது தடவையாகவோ படித்துக்கொண்டிருந்தபோது, வெல்லோ எதிரே வந்து நின்றார்.

"விமானம் இன்னும் வரலைன்னு போட்டிருக்கு" என்றாள்.

"வரலை. நான் மட்டும் வந்தேன்."

"எப்படி?"

வெல்லோ மணிக்கட்டைக் காட்டினார். மைரே சீட்டைப் படித்தாள். அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"கைப்பிடி எங்க?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு, அங்கேயே, அத்தனை பேர் நடுவில், அவர் மார்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

இங்கே விமானத்துக்குள் வேறு கதை. கேப்டன் போனதும் ஒரு பெயின்டர் எழுந்தார். "எனக்கும் ஒரு சீட்டு கிடைக்குமா?" அடுத்து ஒரு நர்ஸ். அடுத்து பல் மருத்துவர். மேல்குரல்காரர்கள் வரிசையாக, அவர்களுக்குப் பின்னால் கீழ்க்குரல்காரர்கள். சிர்யேவுக்குச் சீட்டு ஒட்டி ஒட்டி விரல் வலித்துப்போனது. இயக்குநருக்கு இதைத் தடுக்க எந்த விதியும் கிடைக்கவில்லை. தேடிப் பார்த்தார்.

கடைசியாகப் பெல்கோனென் அம்மாள் கைப்பையை மாட்டிக்கொண்டு எழுந்தார்.

"அம்மா, நீங்களுமா?"

"கதவு திறக்கறதை வெளியிலேர்ந்து பார்த்தாத்தான் சரியாத் தெரியும்" என்றார் அம்மாள். "அதோட எனக்கு ஒரு காபி வேணும்." சிர்யே அவருக்குச் சீட்டோடு, 'உடையக்கூடியது' என்ற சிவப்புக் காகிதத்தையும் சேர்த்து ஒட்டினாள். அம்மாள் அதைப் படித்துவிட்டு, முதல் தடவையாகச் சிரித்தார்.

தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பு தொடங்கியபோது மெர்லே வாசலில் தனியாக நின்றுகொண்டிருந்தாள். அப்பா வரமாட்டார் என்று தன்னைத் தயார் செய்துகொண்டுவிட்டவள். பின்னால் காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினாள். சூட்டின் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு, மூச்சிரைக்க வெல்லோ வந்து முழங்கையை நீட்டினார்.

"அப்பா! சீக்கிரம் வந்துட்ட!"

"கொஞ்சம் மெதுவா சொல்லு" என்றார் வெல்லோ.

அந்த முப்பது அடியை அவர் வேண்டுமென்றே நிதானமாக நடந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு தூரம் இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்தால் பரவாயில்லை என்று அவருக்குத் தோன்றியது. மெர்லேயின் கையை யூசோவின் கையில் வைத்தபோது காகிதச் சீட்டு சட்டைக் கைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது. பாதிரியார் அதை ஏதோ எஸ்தோனிய வழக்கம் என்று நினைத்து மரியாதையோடு தலைகுனிந்தார்.

விருந்தில் சால்மன் சூப் பரிமாறிக்கொண்டிருந்தபோது வெல்லோவின் போன் அடித்தது. இயக்குநர். பின்னணியில் ஒரு சத்தமும் இல்லை.

"கேப்டன், எங்க இருக்கீங்க?"

வெல்லோ சுற்றிலும் பார்த்தார். மாப்பிள்ளை வீட்டார் ஸ்ட்ராபெரி கேக்கை வெட்டிக்கொண்டிருந்தார்கள். மைரே யாரோ ஒரு ஃபின்லாந்து மாமாவுக்குக் கப்பல் பாட்டு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். மணி பன்னிரண்டே முக்கால்.

"கடலுக்கு மேல சார்" என்றார்.

மறுமுனையில் நிம்மதியான மூச்சு. "நல்லது. இன்னும் பதினஞ்சு நிமிஷம் அங்கேயே இருங்க. காலநிலை எப்படி?"

"அருமையா இருக்கு சார்."

ஒரு மணிக்குப் பயணிகள் கதவு திறந்தது. அதிலிருந்து இயக்குநர் ரைவோ ஹல்லிக் ஒருவர் மட்டும் இறங்கினார். கீழே பெல்கோனென் அம்மாள் காபிக் கோப்பையோடு நின்று நேரம் பார்த்தார். ஒரு நொடிகூடப் பிசகவில்லை. கயகாஸுக்குத் தங்கக் கோப்பை கிடைத்தது. சிர்யே கைதட்டினாள். ஏணிக்காரரும் தட்டினார்.

வெல்லோவை அதற்குப் பிறகு யாரும் விசாரிக்கவில்லை. விசாரித்தால் அவர் பத்தரை மணிக்கு எப்படி ஹெல்சிங்கியில் இருந்தார் என்று கேட்க வேண்டிவரும். அந்தக் கேள்வி எந்த இலாகாவுக்கும் வேண்டியிருக்கவில்லை. சுற்றுவதும் நின்றுபோனது. நேரே போய் இறங்கிக் கதவை மூடி வைத்திருந்தால் எரிபொருள் மிச்சமாகிறது என்பதை எரிபொருள் இலாகா தானாகவே கண்டுபிடித்திருந்தது.

திங்கட்கிழமை முதல் டிக்கெட் கொடுக்கும் இடத்தில் பயணிகள் பெட்டிச் சீட்டுக்காகக் கூச்சமில்லாமல் மணிக்கட்டை நீட்டினார்கள். அடுத்த மாதக் கடைசியில் இயக்குநர் கூட்டம் போட்டுப் பெருமையோடு அறிவித்தார்: பயண நேரம் நீளமாக இருக்கிறது என்று இந்த மாதம் ஒரு பயணிகூடப் புகார் சொல்லவில்லை. அது உண்மைதான். அந்த மாதம் முழுவதும் பயணியாகப் பயணம் செய்தவர் அவர் ஒருவர்தான்.

வெள்ளிக்கிழமைதோறும் அவர் தானே நேரில் வந்து சரிபார்ப்பார். எல்லாரும் பெட்டி வாசல் வழியாக இறங்கிப் போனபிறகு, முதல் வரிசையில் முதுகு நிமிர்த்தி உட்கார்ந்திருப்பார். கீழே ஆந்த்ரெஸும் சிர்யேவும் புல்மேட்டில் வெயில் காய்வார்கள். ஒரு வெள்ளிக்கிழமை வெல்லோவுக்குப் பாவமாக இருந்தது. ஒரு காபியும் ஏலக்காய் பன்னும் வாங்கிக்கொண்டு, பெட்டி அறை வழியாகத் திரும்ப உள்ளே ஏறிப்போய் நீட்டினார்.

"கீழ வந்து குடிங்களேன் சார். நல்ல வெயில்."

இயக்குநர் ஜன்னல் வழியே ஹெல்சிங்கியின் வெயிலைப் பார்த்தார். ஆசையாகத்தான் பார்த்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, இருக்கைப் பட்டியை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டார்.

"இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கு கேப்டன்" என்றார். "இப்போ எந்த இடத்துக்கு மேல போய்க்கிட்டிருக்கோம்?"

வெல்லோ காபியை அவர் முன்னால் வைத்துவிட்டு, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார்.

"பாதிக் கடல் தாண்டிட்டோம் சார்" என்றார்.